சிவப்புச் சன்னலில் ஐந்து

மார்ச் 2, ஞாயிறு

யாஷிகாவுக்கு மூடி கிடைத்துவிட்டது.

நவம்பரில் பொள்ளாச்சியில் ஸ்டூடியோவை மூடிய ஒருவரிடம் அந்த இரட்டைக் கண் கேமராவை வாங்கினேன். முன்மூடி இல்லாமல் பல் போன வாய் மாதிரி இருந்தது. இன்று உக்கடம் பழைய சாமான் சந்தையில், ஷாஜகான் பாய் தார்ப்பாயில் கொட்டிவைத்திருந்த சாமானுக்குள், மிக்ஸி ஜாருக்கும் உடைந்த டார்ச் லைட்டுக்கும் நடுவில் அதே மூடி. எழுத்துகூடத் தேயவில்லை. எந்தக் கேமராவின் மூடி எந்தச் சாக்கில் வந்து சேர்கிறது பாருங்கள். அறைக்கு வந்ததும் பொருத்தினேன். டக் என்று உட்கார்ந்தது. அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் ஞாயிறு தோறும் வெயிலில் காய்கிறேன்.

“ஏண்டா கிரி, ஓடாத பொட்டிக்கு மூடி கெடச்சதுக்கா இப்படிச் சிரிக்கற? பொண்ணு கெடச்சவன்கூட இவ்வளவு சிரிக்க மாட்டான்” என்றான் மயில்சாமி. என் அறைத்தோழன். கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததைப் பற்றித்தான் நிறையப் பேசுவான்.

சந்தைக்கு ஹெப்சிபாவும் வந்திருந்தாள். எங்கள் பழைய கேமரா வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள். கல்லூரியில் வேதியியல் எடுக்கிறாள். வாரம் தவறாமல் வருவாள், ஒன்றும் வாங்க மாட்டாள். மடக்குக் கேமராவாகப் பார்த்து எடுப்பாள், உறையின் தோள்வாரைத் தடவிப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“வாங்கறதில்லைன்னா எதுக்குங்க வர்றீங்க?”

“பாக்கறதுக்குக் காசா கேக்கறாங்க?”

பதில் சொல்லத் தெரிகிறது. மஞ்சள் சுடிதார். எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

கம்பெனியில் பம்பு சோதனை அறிக்கை ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். தண்ணீரின் வெப்பநிலையைக் குறிக்காமல் கையெழுத்துக்கு வந்துவிட்டது. வெப்பநிலை இல்லாத அளவெல்லாம் ஒரு அளவா? புதிதாகச் சேர்ந்தவர் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

சந்தையில் ஒன்றும் சிக்கவில்லை. ஹெப்சிபாவை அவள் வீடு இருக்கும் சுங்கம் வரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியில் இரண்டாவது ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். மயில்சாமிக்குத்தான்.

மார்ச் 16, ஞாயிறு

இப்படி ஒரு நாள் எப்போதாவதுதான் வாய்க்கும்.

வண்டி பஞ்சர். ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கடைகளைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஷாஜகான் பாய் கடைசிச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“லேட்டு தம்பி. உங்க ஆளுக வந்து அள்ளிட்டுப் போயாச்சு. இதுல வெறும் பழைய இரும்புதான்.”

“கொட்டுங்க பாய்.”

“கட்டினதை அவுத்தா நீங்கதான் திரும்பக் கட்டணும்.”

கொட்டினார். அடியில் தோல் உறையோடு ஜெர்மன் மடக்குக் கேமரா. பொத்தானை அழுத்தியதும் துருத்தி மாதிரி பெல்லோஸ் விரிந்துகொண்டு லென்ஸ் முன்னால் வந்து நின்றது. ஓட்டை இல்லை, பூஞ்சை இல்லை. நேரத்துக்கு வந்திருந்தால் சாக்குக்குள் கை விட்டிருக்கவே மாட்டேன். பஞ்சராக்கிய ஆணிக்கு நன்றி. சாக்கை நானே கட்டிக் கொடுத்தேன்.

உறையின் தோள்வார் எப்போதோ அறுந்துபோய், வயர் கூடை பின்னுகிற பிளாஸ்டிக் வயரில் யாரோ புது வார் பின்னியிருக்கிறார்கள். கிளிப்பச்சையும் மஞ்சளும். கோரம். வெட்டி எறிந்துவிட்டுத் தோல் வார் போட வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம்: முதுகில் இருக்கும் சிவப்புச் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்து என்று எண் தெரிகிறது. உள்ளே பாதி எடுத்த ஃபிலிம்! சன்னலைப் பார்க்காமல் பின்கதவைத் திறந்து, யாரோ எடுத்த படத்தையெல்லாம் வெளிச்சத்தில் கருக்கிவிடுகிறவர்கள் குழுவில் பாதிப் பேர். அவசரக்குடுக்கைகள். நான் திறக்கவில்லை.

ஹெப்சிபா இன்று வரவில்லை; தேர்வு மேற்பார்வை. சாயங்காலம் குழுவில் படம் போட்டேன். போட்டு ஒரு வாய் டீ குடிப்பதற்குள் அவள் அழைப்பு.

“கிரி, அந்த வாரு... அதை எங்கியும் வெட்டிப் போட்டுடலையே?”

“இன்னும் இல்ல.”

“பின்னாடி தொறந்தீங்களா?”

“என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?”

அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. ஜலதோஷம் போலிருக்கிறது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னாள், கேமராவோடு.

மார்ச் 18, செவ்வாய்

சுங்கத்தில் மாடி வீடு. ஹெப்சிபாவும் அவள் அம்மா சுகிர்தமும் மட்டும். ஆன்ட்டி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா தேவசகாயம் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

கேமராவை மேசையில் வைத்தேன். ஆன்ட்டி அதைத் தொடவில்லை. வாரை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டார்.

“இது நான் பின்னினது கண்ணு. கூடைக்கு வாங்கினதுல மிச்ச வயரு. அவரு இதை மாட்டிட்டு நடந்தா ரோட்ல எல்லாரும் சிரிப்பாங்க. கழட்டவே மாட்டாரு.”

வெட்டி எறிய இருந்ததைச் சொல்லவில்லை.

ஹெப்சிபாவுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்திருக்கிறான். ஜோயல். ஆன்ட்டியின் மாமியாருக்கு ஒரு கட்டுப்பாடு: வருஷம் திரும்புகிற வரைக்கும் பிள்ளையைப் போட்டோ பிடிக்கக் கூடாது, ஆயுசு குறையும். ஜெபம் பண்ணுகிற வீடு வேறு, இது வேறு என்பாராம். தேவசகாயம் கேட்கவில்லை. ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்குப் பிள்ளையையும் ஆன்ட்டியையும் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் இதே கேமராவில் படம் எடுத்திருக்கிறார். அந்த மாதமே பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான்.

“பொட்டிக்குள்ள புடிச்சு வெச்சுட்டான் உம் புருஷன்னு எங்க அத்தை அத்தனை பேர் முன்னாடியும் சொன்னாங்க. அவரு ஒரு வார்த்தை பேசல. கேமராவ ட்ரங்குப் பொட்டில போட்டுப் பூட்டினவருதான். நானும் தொறங்கன்னு கேக்கல.”

“காய்ச்சலுக்கும் கேமராவுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றேன்.

“ஒண்ணுமில்லைன்னு எனக்கும் தெரியும் கண்ணு. தெரிஞ்சும் பயந்துட்டோம்.”

கணவர் போன பிறகு வீடு மாறும்போது, கண்ணில் பட வேண்டாம் என்று பெட்டியோடு பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரமே மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து ஹெப்சிபா தேடிக்கொண்டிருக்கிறாள். குழுவில் சேர்ந்ததும் அதற்காகத்தான். நான் அவளை வேலையற்றவள் என்று நினைத்தேன்.

“அவனுக்கு வேற படமே இல்ல. முகம் வர மாட்டேங்குது. யோசிச்சா, ஹெப்சி சின்னதுல இருந்த முகம் வந்து மேல உக்காந்துக்குது. அதை வெலக்கிட்டு அவனைப் பாக்க முடியல.”

ஹெப்சிபா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கழுவித் தருகிறேன் என்றேன். கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான், என்னிடம் டேங்க் இருக்கிறது, மருந்து இருக்கிறது. கேமரா உங்களிடமே இருக்கட்டும், ஃபிலிமை எடுக்கத் தெரிந்தவர் நீங்கள்தான் என்று ஹெப்சிபாவே சொன்னாள். நல்லது. இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமே என்று உள்ளுக்குள் ஒரு சங்கடம் இருந்தது. என்னிடம் இருப்பதிலேயே இதுதான் நல்லது.

ஆன்ட்டி ஒன்றுதான் கேட்டார்: “தொறக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும்.”

சரி என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஒத்திகைக்குப் புது ஃபிலிம் ஒன்றில் மயில்சாமியை எடுத்துக் கழுவினேன். குழாய்த் தண்ணீரிலேயே. வெப்பம் கூடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும், அட்டவணை இருக்கிறது. அருமையாக வந்தது. “என்னடா பேய் மாதிரி இருக்கேன்?” என்றான் நெகட்டிவைப் பார்த்து. நேரிலும் அப்படித்தான் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டாவது ஒத்திகையும் சரி. ஹெப்சிபாவிடம் காட்டினேன். அவளுக்குத் திருப்தி இல்லை.

“இது புது ஃபிலிம் கிரி. அதுல படத்தைத் தாங்கற ஜெலட்டின் கெட்டியா இருக்கும். அது முப்பது வருஷம் ட்ரங்குல வெந்தது. ஐஸ் போட்டு எல்லாத் தண்ணியவும் ஒரே குளுமைல வெச்சுக்கணும். மொதல்ல நுனில ஒரு துண்டு வெட்டி அதை மட்டும் கழுவிப் பாக்கணும்.”

“நீங்க பாடம் எடுக்கறது கிளாஸ்ல போதும்.”

“எங்கண்ணன் அதுல இருக்கான்.”

ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை, அவர்கள் வீட்டிலேயே செய்வதாக முடிவு. அதுவரை அவளுக்குப் பாடகர் குழு ஒத்திகை. இரண்டு வாரம் காத்திருப்பதில் எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

கேமரா மேசையில் இருக்கிறது. வேலை விட்டு வந்ததும் சிவப்புச் சன்னலைப் பார்க்கிறேன். ஐந்து. நேற்றும் ஐந்துதான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி, காலை

கம்பெனி விடுமுறை. மயில்சாமி ஊருக்குப் போய்விட்டான். யோசித்துவிட்டேன். இன்று கழுவி, நாளை மதியத்துக்குள் லேபில் கொடுத்தால் பெரிய பிரிண்டாகவே போட்டுத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் படத்தைக் கொடுக்கலாம். ஆன்ட்டிக்கு நெகட்டிவைப் பார்த்தால் என்ன புரியப்போகிறது? டேங்கைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஹெப்சிபாவும் முதலில் திட்டுவாள், அப்புறம் திட்ட மாட்டாள்.

அதே நாள், மாலை

பக்கெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன். குளியலறையைத் தேய்த்துவிட்டேன். கொடியில் கிடந்த துணியை மடித்து வைத்தேன். மயில்சாமியின் துணியையும். மாவு வாங்கி வந்தேன். பசியில்லை.

ஏப்ரல் 19, சனி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கை விட்டு ஃபிலிமை டேங்கின் சுருளில் ஏற்றினேன். ஒரு தடங்கலும் இல்லை. துண்டு வெட்டிப் பார்க்கவில்லை. டெவலப்பர், ஃபிக்ஸர் மருந்து இரண்டும் முந்தின இரவே பக்கெட்டில் ஆறவைத்த தண்ணீரில் கலந்தது. நேரம் சரி. டேங்கின் மூடியைத் திறந்து ஃபிலிமை இழுத்தேன்.

படம் இருந்தது. ஐந்தும். முப்பது வருஷத்துக்குப் பிறகு இவ்வளவு தெளிவாக வரும் என்று நான்கூட நினைக்கவில்லை. சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். சேலை கட்டிய பெண், மடியில் குழந்தை. குழந்தையின் குல்லாவில் லேஸ். நூல் நூலாகப் பிரிந்து தெரிந்தது. மனுஷன் கண்ணால் தூரத்தை அளந்தே லென்ஸைத் திருப்பி வைத்திருக்கிறார். அந்தக் கேமராவில் வேறு வழியில்லை. “ஷார்ப்!” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஃபிலிமில் ஒட்டியிருக்கும் ஃபிக்ஸரைக் கழுவ வேண்டும். ஆறவைத்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. மறுபடி ஒரு பக்கெட் பிடித்து ஆறவைத்தால் சாயங்காலம் ஆகும். குழாயைத் திறந்து அதன் கீழே பிடித்தேன். மத்தியான வெயிலில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர். கையில் சுட்டது. சுட்டது தெரிந்தது. தெர்மாமீட்டர் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

முதலில் ஓரம் சுருங்கியது. பிறகு காய்ச்சிய பாலில் ஆடை ஒதுங்குகிற மாதிரி படலம் முழுவதும் நகர்ந்தது. குழாயை மூடுவதற்குள் வழுக்கி விழுந்துவிட்டது. தரையில் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்ததை விரலால் எடுக்கப் பார்த்தேன். விரலில் ஒட்டிக் கரைந்தது. மீதி சாக்கடைத் துளைக்குள் போயிற்று. கையில் மிஞ்சியது வெறும் கண்ணாடித் தாள். ஒரு மூலையில் வேப்பமரத்தின் கிளை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கழுவுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்திருக்கலாம். கை ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டு போய் எடுத்துவர ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஹெப்சிபா காலையில் கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம், சிரிப்பு.

“கிரி, அம்மா கேக் எடுத்து வெச்சிருக்காங்க. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க. ஃப்ரிட்ஜ் பூரா ஐஸ்தான், குடிக்கத் தண்ணி வெக்க எடமில்லைன்னு அம்மா திட்டறாங்க.”

“சரி” என்றேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்கிறவன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

குளியலறை வாசலில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆன்ட்டி வெளியே போகிறவர் மாதிரி நல்ல சேலை உடுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார். ஐஸ் தட்டுகளை ஹெப்சிபா பாத்திரத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐஸ் வேண்டாம்” என்றேன். உறையிலிருந்து ஃபிலிமை எடுத்து நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். சாக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்ல இருக்கவும் இல்லை.

ஹெப்சிபா ஃபிலிமைச் சன்னல் பக்கம் பிடித்து நுனியிலிருந்து நுனி வரை பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

“திங்கக்கிழமைன்னுதான பேசினோம்?”

“ஆமாம்.”

“அப்புறம் எதுக்கு?”

“ஈஸ்டருக்குப் பிரிண்டாக் குடுக்கலாம்னு நெனச்சேன்.”

“யாரு கேட்டா?”

ஆன்ட்டி அவளைக் கையமர்த்தினார். அவர் ஃபிலிமைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கழுவறதுக்கு முன்னாடி படம் இருந்துச்சுன்னு சொன்னியே. நீ பாத்தியா கண்ணு?”

“பாத்தேங்க.”

“எப்படி இருந்தான்?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. “நெகட்டிவ்ங்க ஆன்ட்டி. வெளுப்பு கறுப்பாத் தெரியும், கறுப்பு வெளுப்பா...”

“அது தெரியும். அவன் எப்படி இருந்தான்?”

“குல்லா போட்டிருந்தாப்ல. ஓரத்துல லேஸ்.”

ஆன்ட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். “நான் பின்னினது! அதுக்குக் கீழ? கண்ணு தொறந்திருந்தானா? தூங்கிட்டிருந்தானா?”

காலி உறையின் வாயை மடித்தேன்.

“யாரு சாயல்னாவது சொல்லுங்க கிரி” என்றாள் ஹெப்சிபா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். கெஞ்சினாள்.

“உங்க சாயல்தாங்க ஆன்ட்டி.”

“இல்லையே கண்ணு” என்றார் ஆன்ட்டி மெதுவாக. “பாத்தவங்க எல்லாரும் அவரை உரிச்சு வெச்சிருக்குன்னுதான சொன்னாங்க.”

ஹெப்சிபா என்னைப் பார்த்தாள். “நீங்க பாக்கவே இல்ல.”

“பாத்தேன்.”

“அஞ்சு படத்தக் கையில புடிச்சுட்டு என்னத்தப் பாத்தீங்க?”

“ஃபோகஸ்” என்றேன்.

ஐஸ் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள். கேமராவை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். ஆன்ட்டி மாடிப்படி வரை வந்து, கேக்கைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 23, புதன்

ஹெப்சிபா குழுவிலிருந்து விலகிவிட்டாள். ஏன் என்று யாரோ கேட்டிருந்தார்கள். யாரும் பதில் போடவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சந்தைக்குப் போகவில்லை. ஷாஜகான் பாய் போன் செய்தார். சாக்கில் ஒரு பெட்டிக் கேமரா வந்திருக்கிறதாம், லென்ஸ் மூடியோடு, உங்களுக்காகத் தனியாக எடுத்து வைக்கட்டுமா என்றார். வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மத்தியானம் இன்னொரு அழைப்பு. சுகிர்தம் ஆன்ட்டி. இப்போதுதான் கோயிலிலிருந்து வந்தாராம்.

“கண்ணு, ஏதாச்சும் ஞாபகம் வந்துதா?”

இல்லை என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மே 2, வெள்ளி

பஸ்ஸில் குழந்தைகளை உற்றுப் பார்க்கிறேன். ஏதாவது ஒரு முகம், அந்தச் சில நொடியில் கண்ணில் பட்டதைக் கிளப்பிவிடாதா என்று பார்க்கிறேன். காந்திபுரத்தில் ஏறிய ஒரு பெண் என் பார்வையைக் கவனித்துவிட்டு, முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டாள். சரிதான்.

மே 4, ஞாயிறு

மறுபடி கூப்பிட்டார்.

கன்னம் உப்பியிருந்தது என்று சொல்லிவிடலாம். எந்தக் குழந்தைக்கு உப்பியிருக்காது? கண் திறந்துதான் இருந்தது என்று சொல்லிவிடலாம். சரிபார்க்க உலகத்தில் ஆளில்லை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஹெப்சிபாவின் முகத்தை விலக்க முடியாமல் தவிக்கிறவர், நான் இட்டுக்கட்டிய முகத்தை அதற்கும் மேலே போட்டால் எதைத்தான் விலக்குவார்?

“இன்னும் இல்லைங்க ஆன்ட்டி” என்றேன்.

மயில்சாமி கேட்டுக்கொண்டிருந்தான். “யாருடா அது, வாரா வாரம்?” என்றான். சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவன் ஒரு கிண்டலும் செய்யவில்லை. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தான். இதுவரை போட்டதில்லை.

மே 11, ஞாயிறு

ஆராதனை முடிகிற நேரத்துக்கு முன்பே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வழக்கமான நேரம் தாண்டியும் மணி அடிக்கவில்லை. இனிமேல் கூப்பிட மாட்டார் என்று நினைத்தேன். நிம்மதியாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். இல்லை.

பிறகு அடித்தது.

“கோயில்ல இன்னிக்கு ஒரு ஞானஸ்நானம் கண்ணு. லேட்டாயிடுச்சு. அத்தனை பேரும் போன்ல படம் புடிச்சுத் தள்ளறாங்க. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல இப்பல்லாம்.” சிரித்தார். “உனக்கு ஏதாச்சும்...?”

“இல்லைங்க ஆன்ட்டி. யோசிச்சுட்டேதான் இருக்கேன்.”

ஹெப்சிபா எப்படி இருக்கிறாள் என்று கேட்க நினைத்தேன். பின்னால் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பேச ஆரம்பித்ததும் அது நின்றுவிட்டது. கேட்கவில்லை.

“மன்னிச்சுடுங்க” என்றேன். இந்த மூன்று வாரத்தில் அதை இன்றுதான் சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஆன்ட்டி வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

“அவசரமில்ல கண்ணு” என்றார். “மெதுவா யோசிச்சுப் பாரு. அடுத்த வாரம் கூப்புடறேன்.”